தங்கச்சி ஒப்பம் வைத்த கடதாசி

தங்கச்சி வழக்கமாக வெள்ளிக்கிழமைகளில்தான் லண்டனிலிருந்து போன் எடுப்பாள். அன்று செவ்வாய்க்கிழமை. பின்னேரம் மூன்றரை மணியிருக்கும். மருதமுனையில் சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த மாடி வீடொன்றில், ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் கைவைத்துப் பிள்ளையின் தலை எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தேன். நான் குடும்பநல மாது. ஊரில் எல்லோருக்கும் மிட்வைப் மிஸி. பைக்குள் போன் விடாமல் அடித்தது. தங்கச்சிக்கு அப்போது ஐந்து மாதம். வராந்தாவுக்குப் போய் எடுத்தேன்.

"ராத்தா, புள்ளைட குடலெல்லாம் நெஞ்சுக்குள்ள இரிக்காம்."

"ஆரு சொன்ன?"

"ஸ்கேன் பாத்த டொக்டர்."

"அந்தாளுக்குப் படம் பாக்கத் தெரியுமா? வேற எடத்தில காட்டு."

இதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. அவள் அழுதாளா என்றுகூட நான் கவனிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அந்த டொக்டர் மேல். இரண்டு நாள் கழித்து வேறொருவர் பார்த்தார். அவரும் அதையே சொன்னார். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைத் திரையில் இடது பக்கம் ஓட்டை. நாங்கள் பயிற்சியில் அதைப் பிரிமென்றகடு என்று படித்தோம். அந்த ஓட்டையால் குடலும் ஈரலில் ஒரு பகுதியும் மேலே ஏறி, நுரையீரல் வளர இடமில்லாமல் அடைத்துக்கொண்டு நின்றன. இதயம் வலது பக்கம் தள்ளப்பட்டிருந்தது.

"வேணாமெண்டா நிப்பாட்டலாம் எண்டும் சொன்னாங்க ராத்தா."

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. நம்முடைய பிள்ளை என்பதால் சொல்கிறார்களோ? தலையில் முக்காட்டைக் கண்டுவிட்டுச் சொல்கிறார்களோ? வெள்ளைக்காரப் பெண்ணிடமும் இதையே சொல்வார்களா? இதையெல்லாம் அவளிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் ஏற்கனவே பயந்து போயிருந்தாள்.

நான் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சுனாமியில் எங்கள் உம்மா மௌத்தானார். கடற்கரையிலிருந்து மூன்றாவது வீடு எங்களுடையது. தங்கச்சிக்கு அப்போது பத்தொன்பது வயது. கிணற்றுக்கட்டுக்கும் மதிலுக்கும் இடையில் அகப்பட்டு உயிரோடு கிடந்தாள். நான் அவளைவிடப் பத்து வயது மூத்தவள். வாப்பா அதற்கு முன்பே போய்விட்டதால், அதன்பின் அவளுக்கு உம்மாவும் நான்தான், வாப்பாவும் நான்தான். எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். முகாமிலும் நான் வேலையை விடவில்லை. வகுப்பறைகளில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இருந்தார்கள்.

மூன்றாம் கிழமை ஒரு வெளிநாட்டுக் குழு வந்தது. வெள்ளைக் கோட்டு, சிறிய கண்ணாடிக் குழாய்கள், குளிர்ப்பெட்டி, கொழும்புத் தமிழ் பேசும் ஒரு மொழிபெயர்ப்பாளர். பிள்ளைகளின் ரத்தத்தைப் பரிசோதிக்கப் போவதாகச் சொன்னார்கள். தாய்மார் ஒப்பம் வைக்க வேண்டிய படிவம் இங்கிலீஷில் இருந்தது. தாய்மார் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அந்தப் படிவத்தில் ஒரு வரிகூட வாசிக்கவில்லை. "பயப்புடாதீங்க, வைங்க. ஒரு மாசத்தில ரிசல்ட் வரும்" என்று நானே வகுப்பறை வகுப்பறையாகச் சொல்லிக்கொண்டு போனேன். எழுதத் தெரியாதவர்களின் பெருவிரலைப் பிடித்து மையில் வைத்ததும் நான்தான்.

ரிசல்ட் வரவில்லை. குழுவும் திரும்ப வரவில்லை. நான் விசாரித்த அலுவலகங்களில் அப்படியொரு குழுவைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகும் ஒரு தாய் என்னைச் சந்தையில் மறித்து, "மிஸி, என்ட புள்ளைட ரெத்தத்த எங்க கொண்டு போன?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிந்துகொள்ளக் கேட்டார். அதனால்தான் எனக்கு அது ஆறவில்லை. அன்றிலிருந்து யாராவது ஒரு கடதாசியை நீட்டி ஒப்பம் கேட்டால் என் உடம்பு சூடாகிவிடும்.

தங்கச்சிக்கு ஆறு மாதம் முடிகிற நேரம் அடுத்த போன் வந்தது.

"புள்ளைட மூச்சுக்குழாய்க்குள்ள பலூன் ஒண்டு வைப்பாங்களாம் ராத்தா."

"பொறந்த பொறகா?"

"இல்ல. வகுத்துக்குள்ள இரிக்கக்குள்ளயே. என்ட வகுத்தால மெல்லிய குழாய் ஒண்ட உட்டு, புள்ளைட வாயால போய் வைக்கிறயாம். அப்ப நுரையீரல் கொஞ்சம் வளருமாம்."

அந்த மூச்சுக்குழாய் எவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று என் சுண்டுவிரலைப் பார்த்தேன்.

"ஆனா எல்லாருக்கும் வைக்க மாட்டாங்களாம். இது சரிவருதா எண்டு பாக்கிற ஒரு ஆராய்ச்சியாம். ஆருக்கு வைக்கிற, ஆருக்கு வைக்காம உடுற எண்டு கொம்பியூட்டர்தான் சொல்லுமாம்."

"கொம்பியூட்டருக்கு ஒன்ட புள்ளயத் தெரியுமா?"

"சீட்டுக் குலுக்கிற மாதிரியாம் ராத்தா. அதுக்குச் சேர்றதெண்டா சைன் வைக்கணுமாம்."

"வெச்சிராத. ஒன்ன வெச்சிப் பழகப் பாக்கிறாங்க."

அவளுடைய மாப்பிள்ளை நிந்தவூர்ப் பிள்ளை. படிக்கவென்று போய், படித்துக்கொண்டே ஒரு கடையில் வேலை செய்தவர். அவரிடம் அந்தப் படிவத்தை அனுப்பச் சொன்னேன். கல்முனை பஜாரில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் போய் ஈமெயிலைத் திறந்து பிரிண்ட் எடுத்தேன். பன்னிரண்டு பக்கம். கடைக்காரர் ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்துத் தரும்போது தலைப்பை வாசித்து வாசித்துத் தந்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் அகராதியோடு இருந்து மூன்று பக்கம் வாசித்தேன். 'நீங்கள் எந்த நேரமும் விலகலாம்' என்ற வரியில் நின்றுவிட்டேன். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் ஏன் வெளியே போக வழி காட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஆறு வருடமாகத் தெரிந்த மகப்பேற்று டொக்டர் ஒருவர் இருந்தார். திருக்கோவில் ஆள். குறைவாகப் பேசுவார். அவருடைய அக்கா கல்யாணம் முடித்துப் போன ஊர் வன்னியில். யுத்தம் முற்றியிருந்த அந்த மாதங்களில் வன்னியில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். ஒருவரும் சத்தமாகக் கதைக்க மாட்டோம். தமிழர் ஒருவர் உள்ளே வந்தால் முஸ்லிம்களான நாங்கள் பேச்சை மாற்றுவோம். நாங்கள் போனால் அவர்களும் அப்படித்தான்.

அவர் பன்னிரண்டு பக்கத்தையும் வாசித்து முடிக்கும்வரை என்னை இருக்கச் சொன்னார். பிறகு ஒரு மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் நுரையீரலைப் படமாகக் கீறினார்.

"வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளைட நுரையீரல் தண்ணி சுரக்கும், மிஸி. அது தொண்டையால வெளியே போய்க்கொண்டே இருக்கும். குழாயை அடைச்சா தண்ணி உள்ளுக்கு நிண்டு நுரையீரலை விரிக்கும். அதுதான் எண்ணம். எட்டாம் மாசத்துக்குள்ள பலூனை எடுத்திருவாங்க."

"எடுக்க முந்திப் பிள்ள பிறந்தா?"

"உடனே எடுக்கத் தெரிஞ்ச ஆள் பக்கத்தில நிக்கணும். இல்லாட்டிப் பிள்ளைக்கு மூச்சு விட ஏலாது."

நான் அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க இப்பிடிப் பிறந்த பிள்ளையைக் கண்டிருக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சேர்."

"வயிறு உள்வாங்கித் தோணி மாதிரிக் கிடக்கும். இதயம் வலது பக்கத்தில கேக்கும். ஒருக்கா அழும். பிறகு நீலமாகும்."

நான் கண்டிருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டில்களில் சனங்கள் இருந்த காலம். ஆஸ்பத்திரிக்குப் போக முந்தியே ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. நிறைமாதப் பிள்ளை, நல்ல நிறை. ஆனால் வயிறு ஒட்டிக்கிடந்தது. இடது பக்கம் இதயத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. முச்சக்கர வண்டியில் கொண்டு போகும்போது சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டை காட்டினோம். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் என் மடியிலேயே பிள்ளை அடங்கிவிட்டது. நான் மூக்கு, வாய் துடைத்த விதத்தில்தான் பிழை என்று அந்தக் குடும்பம் நினைத்தது. ஊரும் கொஞ்சக்காலம் அப்படித்தான் பார்த்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அன்றுவரைக்கும்.

இதை நான் டொக்டரிடம் சொல்லவில்லை. "அப்ப, சைன் வைக்கச் சொல்லவா சேர்?" என்று மட்டும் கேட்டேன்.

"அதை நான் சொல்ல ஏலாது. எது நல்லம் எண்டு அவங்களுக்கே இன்னும் தெரியாது. தெரிஞ்சா ஏன் சீட்டுக் குலுக்குறாங்க?"

நேர்மையான பதில்தான். அன்று எனக்கு அது நழுவல் போலப் பட்டது. டொக்டர்மார் டொக்டர்மாரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு எழும்பினேன். அன்றே தங்கச்சிக்கு எடுத்துச் சொன்னேன்.

"வேணாம்கா தங்கச்சி. புள்ள பொறக்கட்டும். பொறந்த பொறகு ஒப்பரேசன் செய்யட்டும். பலூன் வேணாம்."

"சரி ராத்தா."

மிகவும் சுருக்காகச் சொன்னாள். எங்கள் தங்கச்சி எதையும் ஒரே சொல்லில் ஒப்புக்கொள்கிறவள் அல்ல. சாமான் வாங்கும்போதுகூட நாலு கேள்வி கேட்பாள். போனை வைத்த பிறகு அந்தச் 'சரி' எனக்கு உறுத்தத் தொடங்கியது.

அடுத்த கிழமைகளில் அவளுடைய பேச்சு குறைந்தது. என்ன சாப்பிட்டாய், பிள்ளை அசைகிறதா, இவ்வளவுதான். வீட்டில்தான் இருக்கிறேன் என்பாள். பின்னால் தள்ளுவண்டிச் சில்லுச் சத்தம் கேட்கும். மாப்பிள்ளையின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அவர்தான் என் தங்கச்சியை வற்புறுத்தி ஒப்பம் வைத்துவிட்டார் என்று நினைத்து, அவரையே பிடித்துக் கேட்டேன்.

"தம்பி, அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க. அந்தப் போம்ல நீங்க சைன் வெச்சீங்களா?"

"இல்ல ராத்தா. நான் வெக்கல்ல."

அந்த 'நான்' என்ற சொல்லை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

சித்திரை வருடப்பிறப்பு கழிந்த பிறகு ஒருநாள். அவள் கதைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு சத்தம். டக்டக், டக்டக், டக்டக் என்று குதிரை ஓடுவது போல.

"அது என்ன சத்தம்?"

"வாஷிங் மெஷின் ஓடுது ராத்தா."

நான் அவளைக் கதைக்கவிட்டு, கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். கால் நிமிடத்துக்கு முப்பத்தாறு. பதினான்கு வருடமாக இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

"வாஷிங் மெஷின் நூத்தி நாப்பத்திநாலு அடிக்கிறல்லகா. அது ஒன்ட புள்ளைட இதயம். நீ வார்ட்டில கிடக்காய்."

அங்கே அந்தக் குதிரை ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அவள் அழுதாள்.

அவள்தான் ஒப்பம் வைத்திருந்தாள். நான் வேண்டாம் என்று சொன்னதற்கு மறுநாளே. கொம்பியூட்டர் பலூன் என்று சொன்னது. வைத்து மூன்று கிழமையாகிவிட்டது. இப்போது பனிக்குடத்து நீர் கொஞ்சம் கசிகிறது என்று ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்.

"ஒன்ன மயக்கிப் போட்டாங்களா?"

"இல்ல. வகுத்தில ஒரு எடத்த மட்டும் வெறக்கப் பண்ணின. புள்ள அசையாம இரிக்கிறத்துக்குப் புள்ளைக்கும் ஊசி போட்ட. நான் டீவியில பாத்துக்கிட்டுக் கிடந்தன். வாயத் தொறந்து போகக்குள்ள நாக்கக் கண்டன் ராத்தா. சின்ன நாக்கு."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"வெயிட் பண்ற எடத்தில ஒரு பெங்காலிப் பொம்புள இருந்த. அவட புள்ளைக்கும் இதேதான். அவவுக்குக் கொம்பியூட்டர் இல்ல எண்டு சொல்லிட்டு. அதுக்குப் பொறகு நான் அவட மொகத்தப் பாக்கல்ல. பாக்க ஏலா."

"எனக்கு ஏன்கா சொல்லல்ல?"

"சொன்னா நீங்க திரும்பவும் வேணாம் எண்டிருப்பீங்க. ரெண்டாம் தரமும் நீங்க சொன்னா நான் கேட்டிருப்பன்."

அன்று என் மச்சான் வயல் வட்டையிலிருந்து வந்தார். என் கணவரைத்தான் சொல்கிறேன். வேளாண்மைக்காரர், சேற்றுக்காலோடு முற்றத்தில் நின்று நான் கத்துவதைக் கேட்டார். மாப்பிள்ளை ஏமாற்றிவிட்டார், தங்கச்சி பொய் சொல்லிவிட்டாள், அந்த டொக்டர் மழுப்பிவிட்டார் என்று எல்லோரையும் ஏசி முடித்தேன்.

"ஒனக்குப் பயம் புள்ளைக்கா," அவர் கேட்டார், "இல்லாட்டி ஒன்ட பேச்சக் கேக்கல்ல எண்டா?"

இரண்டு நாள் அவரோடு நான் கதைக்கவில்லை.

அதன்பின் என் சந்தேகம் எல்லாம் கேள்விகளாக மாறியது. பலூனை எடுக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? சனி, ஞாயிறும் நிற்பார்களா? லிப்ட் வேலை செய்யாவிட்டால்? எல்லாவற்றையும் மாப்பிள்ளையைக்கொண்டு கேட்பித்தேன். பிள்ளையின் மூச்சுக்குழாயில் பலூன் இருக்கிறது என்று எழுதிய ஒரு அட்டையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். எங்கே போனாலும் அதைக் கொண்டு போக வேண்டும். இங்கே நாங்கள் கடைக்குப் போனாலும் அடையாள அட்டையோடு போய்க்கொண்டிருந்த நேரம். என் தங்கச்சி லண்டனில் வயிற்றுப் பிள்ளைக்காக ஒரு அட்டையைக் காவிக்கொண்டிருந்தாள்.

பலூனை எடுக்கவென்று குறித்திருந்த நாளில்தான் கல்முனையில் வெடி கொளுத்தினார்கள். யுத்தம் முடிந்துவிட்டது என்று காலையிலிருந்து ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. கடைகளில் கொடி ஏறியது. சிலர் சந்தோஷத்துக்கு ஏற்றினார்கள், சிலர் ஏற்றாவிட்டால் என்ன நடக்குமோ என்று ஏற்றினார்கள். எது எது என்று பார்த்துச் சொல்ல ஏலாது. தமிழர் இருக்கும் பெரியநீலாவணைப் பக்கம் ரோட்டில் ஆள் இல்லை என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் தமிழ்த் தாதிமார் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்தார்கள். நாங்கள் என்ன முகத்தை வைப்பது என்று தெரியாமல் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

டொக்டர் வழக்கம் போல வந்திருந்தார். முகம் மழிக்கவில்லை. வார்ட்டுக்கு வெளியே நடை ஓடைக்குள் என்னைக் கண்டு நின்றார்.

"பலூன் எடுத்தாச்சா?"

"இன்னம் தெரியா சேர். இண்டைக்குத்தான்."

அவருக்கு நாள் நினைவிருந்தது. உங்கள் அக்கா எப்படி என்று நானும் கேட்டிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள். யாருடைய காது எங்கே போகும் என்று தெரியாது. நான் கேட்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குப் பிறகு போன் வந்தது. வெளியே வெடிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஓடிப்போய்த் துணிகள் அடுக்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"எடுத்தாச்சு ராத்தா," மாப்பிள்ளை சொன்னார். "ரெண்டு பேரும் சுகம்."

"நீங்க கண்டீங்களா, இல்லாட்டி அவங்க சொன்னதா?"

"கண்டன் ராத்தா. பலூனைக் காட்டின. சோளப்பொரி அளவுதான் இரிக்கும்."

மூன்று கிழமையில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. பிறந்தவுடன் அழவிடாமல் குழாய் போட்டார்கள். நாலாம் நாள் குடலையும் ஈரலையும் கீழே இறக்கி, ஓட்டைக்கு ஒரு செயற்கைத் துண்டு வைத்துத் தைத்தார்கள். படங்கள் வந்தன, எல்லாம் முகம். எனக்கு முகம் வேண்டியிருக்கவில்லை. "நகத்தப் படமெடுத்து அனுப்பு" என்றேன். நகம் என்ன நிறம் என்று பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். தங்கச்சி ஒவ்வொரு கிழமையும் ஒரு விரலைப் படமெடுத்து அனுப்பினாள். முதல் மாதத்து விரல்கள் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு நகம் மெல்ல மெல்லச் சிவந்தது. நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு மாதத்தில், மூக்கில் ஒட்சிசன் குழாயோடு வீட்டுக்குக் கொண்டு போனார்கள்.

அந்தப் பெங்காலிப் பெண்ணின் பிள்ளை ஒரு நாள்தான் இருந்ததாம். அதை வேறு யாரோ சொல்லித் தங்கச்சி அறிந்தாள்.

டொக்டருடைய அக்காவைப் பற்றி ஐப்பசியில்தான் கேட்டேன், அதே நடை ஓடையில் ஒருவரும் இல்லாத நேரம். அக்காவும் ஒரு மகனும் வவுனியா முகாமில் இருப்பதாகச் சொன்னார். மற்றவர்களைப் பற்றி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பலூன் வைத்ததால்தான் எங்கள் பிள்ளை தப்பியதா என்று மட்டும் கேட்டேன்.

"ஒரு பிள்ளையை வச்சுச் சொல்ல ஏலாது மிஸி. வைக்காட்டியும் தப்பியிருக்கலாம்."

இம்முறை அவர் நழுவுகிறார் என்று நான் நினைக்கவில்லை.

பிள்ளைக்கு மூன்று வயதில் ஊருக்கு வந்தார்கள். மெலிந்த பிள்ளை. கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று மூச்செடுத்துவிட்டுத் திரும்பவும் ஓடும். குளிப்பாட்டும்போது வயிற்றின் இடது பக்கத்துத் தழும்பைக் கண்டேன். ஸ்டெதஸ்கோப்பை எடுத்து முதுகில் வைத்தேன். இடது பக்கம் சத்தம் கொஞ்சம் மெலிவு. ஆனால் காற்று போகிறது, வருகிறது. திரும்பிப் பார்த்தால் தங்கச்சி வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்தமான பார்வை.

"என்ன தேடுறீங்க ராத்தா?"

"ஒண்டுமில்லகா. சும்மா."

அவள் வந்து பிள்ளையைத் துவாயால் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாள்.

அதற்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் மறுபடி உண்டானாள். ஐந்தாம் மாத ஸ்கேன் பார்த்து, எல்லாம் சரி என்று அறிந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள். நான் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்டேன், சந்தோஷப்பட்டேன், துஆச் செய்தேன். என் மச்சானிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது அவர் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தங்கச்சி மூன்றாம் மாதத்திலேயே சொல்லியிருந்தாள்.